தலை எண்ணும் நாள்

இந்த ஆண்டு புதிதாகத் தலைமை ஆசிரியர் நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்ற வாத்தியாரம்மாவிடம் இப்படிக் கேட்பது கொஞ்சம் ஆபத்தான காரியம். ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டு மாடியில் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அவற்றையே "வரிசையா நில்லுங்க" என்று அதட்டிக்கொண்டிருக்கிறவள் நான். பேச ஆள் கிடைத்தால் லேசில் விடமாட்டேன்.

பதிவேடு எழுதுவது, படிவம் நிரப்புவது, மேலிடத்துக்குப் பதில் அனுப்புவது எல்லாவற்றையும் உங்கள் அலுவலக உதவியாளர் உங்களைவிட நன்றாகச் செய்வார். அவரை மட்டும் பகைத்துக்கொள்ளாதீர்கள். நான் எழுதப் போவது வேறு. எதிரே ஒரு தாய் நிற்பாள், கையில் பேனா இருக்கும், கேட்டுச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அப்படி ஒரு பத்து நிமிடத்தில் நான் எடுத்த முடிவைப் பற்றி எழுதப் போகிறேன். தவறான முடிவு. அதைப் பெருமையாக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அரசுப் பள்ளிக்கு நிதி குறைந்தால் என்ன ஆகும் என்று வெளியே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கூரை ஒழுகும், பெஞ்சு உடையும் என்பார்கள். ஒழுகும்தான், உடையும்தான். ஆனால் ஒழுகுகிற வகுப்பிலும் பாடம் நடத்திவிடலாம். மழை நாளில் பாதிப் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு உட்கார, நானே நடத்தியிருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த தலைமை ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்வார். "நமக்குக் காசு காசா வராதும்மா, ஆளா வரும். ஆள் போச்சுன்னா எல்லாம் போச்சு." அவர் பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன்.

அவர் சொன்னதன் பொருள் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அதை வைத்துத்தான் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். பதினொன்றாம் வகுப்பில் ஒரு பிரிவில் பிள்ளைகள் குறைந்துபோனால், அந்தப் பாடத்து ஆசிரியர் 'உபரி' ஆகிவிடுவார். பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போக வேண்டியதுதான். மிச்சம் இருக்கிற பிள்ளைகளும் பொதுத்தேர்வு எழுத வேண்டுமே என்று அந்தக் கணக்கு கவலைப்படாது.

நான் தமிழாசிரியையாக இருந்த ஒரு வருடம் எங்கள் பள்ளி உயிரியல் ஆசிரியர் அப்படித்தான் போனார். பெற்றோர் ஆசிரியர் கழகம் சொற்பச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணைப் பிடித்து வந்தது. மூன்று மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டது. யாரைக் குறை சொல்ல? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். வகுப்பு சும்மா இருக்கிறதே என்று தலைமை ஆசிரியர் என்னைப் போய் உட்காரச் சொன்னார். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன்.

நான் வாசித்தால் நன்றாக இருக்கும். சிறுநீரகத்தைப் பற்றிய பாடத்தை, பரணி வாசிப்பதுபோல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. முடித்ததும் முதல் பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்து, "மிஸ், அந்த வடிகட்டுறது எப்படி நடக்குதுன்னு சொல்லுங்க" என்றான். மறுபடியும் அதே பத்தியை வாசித்தேன். அவன் "புரிஞ்சுது மிஸ்" என்று உட்கார்ந்தான். அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காக அவன் அப்படிச் சொன்னான். அந்த வருடம் அந்த வகுப்பில் பாதிப் பேர் உயிரியலில் விழுந்தார்கள்.

அந்தப் பயம் என் எலும்புக்குள் போய்விட்டது. பின்னால் நான் செய்ததற்கு இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நிறைய வருடங்கள் கழித்து, தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு மேல்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் போனேன். அங்கே உயிரியல் நடத்தியவர் ஜெபா. நாகர்கோவில் பக்கத்துப் பெண். முப்பது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கும். கணவரும் குழந்தையும் ஊரில், இவர் மட்டும் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். காலையில் எனக்கு முன்னால் வந்து ஆய்வகத்தைத் திறந்துவிடுவார். ஆய்வகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நான்கு மேசை, ஒரு எலும்புக்கூடு, வேலை செய்கிற நுண்ணோக்கி ஒன்றே ஒன்று. புதிது கேட்டு நானும் எழுதாத கடிதம் இல்லை.

அந்த ஒரே நுண்ணோக்கிக்கு ஜெபா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் பத்து எண்ணும் வரை பார்க்கலாம் என்று சட்டம். "ஒண்ணு, ரெண்டு" என்று மொத்த வகுப்பும் சேர்ந்து எண்ணும். பத்து வந்ததும் அடுத்த ஆள். என் அறை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும். இப்போதும் எங்காவது பிள்ளைகள் கூட்டமாக எண்ணினால் நான் நின்றுவிடுகிறேன்.

அந்த வரிசையின் கடைசியில் எப்போதும் ஒரே பெண் நிற்பாள். யுவஸ்ரீ, அப்போது பத்தாவது. ஒல்லியாக, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. நல்ல உயரம் என்பதால் கடைசியில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். "கடைசியா நின்னா பெல் அடிச்சிடும்ல மிஸ், எனக்குப் பின்னாடி யாரும் எண்ண மாட்டாங்க. சாப்பாட்டு நேரம் பூரா நானே பாப்பேன்" என்றாள். வெங்காயத் தோலின் அறைகளை அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. நோட்டில் அவள் வரைந்த படங்களை ஜெபா என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். "இவ எங்கயோ போயிடுவா மேடம்" என்பார். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. டாக்டர் என்று சொல்லத் தயங்கிக்கொண்டு நர்ஸ் என்கிறாள் என்று ஜெபா சொன்னார்.

அவள் பதினொன்றாவதுக்கு வந்த வருடம், ஜூன் மாதத்திலேயே அலுவலக உதவியாளர் என் மேசை முன்னால் வந்து தலையைச் சொறிந்தார்.

"மேடம், பதினொண்ணாவது சயின்ஸ் குரூப்ல பசங்க ரொம்ப கம்மி. ஒண்ணு குறைஞ்சா ஜெபா மேடம் போஸ்ட் போயிடும்."

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு."

நான் சும்மா இருக்கவில்லை. ஆசிரியர்களைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளை பிடிக்கப் போனேன். நம் காலனிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? எல்லாம் உத்தியோகஸ்தர்கள், அதில் பாதிப் பேர் ஆசிரியர்கள், ஒருவர் பிள்ளையும் நம் பள்ளியில் இல்லை. ஒரு வீட்டில் கேட்டைத் திறக்காமலே "ஒண்ணும் வேணாம்மா" என்று உள்ளே போய்விட்டார்கள். ஊறுகாய் விற்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு மாதம் அலைந்தும் அந்தப் பிரிவுக்கு ஓர் ஆள்கூடச் சேரவில்லை.

ஜூலை நடுவில் யுவஸ்ரீயின் அம்மா லட்சுமி வந்தார். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறவர். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மிஸ், வூட்டு ஓனரு வாடகைய ஏத்திட்டாரு. ஊரப்பாக்கத்துல வூடு பாத்துக்கினு போய்ட்டோம். பெரிசுக்கு டி.சி. வோணும்."

"நடுவுல எதுக்கும்மா மாத்துறீங்க? ரயில்ல வரலாமே. பாஸ் இருக்கு."

"வந்துடுவா மிஸ். சின்னது ஒண்ணு கீதே, மூணாவது படிக்குது. மூணரைக்கு ஸ்கூல் வுட்டு வந்துடும். நான் வேலை முடிச்சி வர ஏழு மணி ஆவுது. அவங்கப்பா லாரியில போறவரு, எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது. பெரிசு பக்கத்துல படிச்சாதான் சின்னத பாத்துக்க முடியும். அங்க ஒரு கேர்ள்ஸ் ஸ்கூல்ல இதே குரூப்பு கீதாம், கேட்டுட்டேன். நீங்க டி.சி. குடுத்தா சேத்துக்குவாங்க."

நியாயமான காரணம். டி.சி. கேட்டால் கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் கணினியில் நாம் பெயரை விடுவித்தால்தான் அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ள முடியும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு நிமிட வேலை. என் மனதில் அந்த நேரம் லட்சுமியும் இல்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் இல்லை. புரியாத பத்தியைக் கேட்டுவிட்டு "புரிஞ்சுது மிஸ்" என்று உட்கார்ந்தானே, அந்தப் பையன்தான் நின்றான். யுவஸ்ரீ போனால் ஜெபா போவார். ஜெபா போனால் மிச்சமிருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் புத்தகம் வாசிக்க ஒரு தமிழாசிரியை போவாள்.

"ஆகஸ்ட் ஒண்ணு வரைக்கும் பொறுங்கம்மா. ரெண்டாம் தேதி நானே போன் பண்ணி அங்க சேர்த்து விடுறேன். ரெண்டு வாரம்தானே" என்றேன்.

லட்சுமி ஏன் என்று கேட்கவில்லை. ஹெச்.எம். சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைக்கிற ஜனங்கள் அவர்கள். நம் அதிகாரத்தில் பாதி அவர்களுடைய அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. "சரி மிஸ்" என்று போய்விட்டார்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த இரண்டு வாரத்தில் யுவஸ்ரீ நாலைந்து நாள் வரவில்லை. அந்த வருடம் பார்த்து, சில பள்ளிகளில் வெறும் பெயர்களை எழுதிவைத்திருக்கிறார்கள் என்று புகார் போய், ஒன்றாம் தேதி ஆள் வந்து நேரிலேயே தலையை எண்ணுவார்கள் என்று தகவல் வந்தது. பதிவேட்டில் பெயர் இருந்தால் போதாது, பிள்ளை நிற்க வேண்டும். அவள் வந்த ஒருநாள், அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"யுவஸ்ரீ, ஒண்ணாம் தேதி நீ கட்டாயம் வரணும். நீ இல்லேன்னா ஜெபா மிஸ்ஸை வேற ஊருக்கு மாத்திடுவாங்க."

அவள் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை.

"என்னாலயா மிஸ்?"

"உன்னாலதான். நீ ஒருத்தி குறைஞ்சாலும் கணக்கு போச்சு. உன் ஃப்ரெண்ட்ஸுக்கு யாரு பாடம் நடத்துவாங்க, சொல்லு."

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் நான் சொன்னது இது. ஓர் அரசாங்கம் தூக்க வேண்டிய பாரத்தை, அதனால் முடியாவிட்டால் நான் தூக்க வேண்டிய பாரத்தை, இரட்டைச் சடைப் பெண்ணின் தலையில் ஏற்றி வைத்தேன். அவள் "வந்துடறேன் மிஸ்" என்றாள். கெட்டிக்காரத்தனமாக ஒரு சிக்கலை அவிழ்த்துவிட்டதாக அன்று எனக்குத் திருப்தி. சாயங்காலம் டீயோடு ஒரு சமோசாகூடச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் ஒன்று. முதல் பாடவேளை முடிந்தது, அவளைக் காணவில்லை. கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர் ஆறாம் வகுப்பிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். அவசரமே படாமல் எண்ணினார். எனக்கு அதுதான் நிம்மதி. மழைத் தூறல் வேறு. அவர் பத்தாம் வகுப்பை முடிக்கிறபோது, வாசல் கேட்டில் குடையில்லாமல் நனைந்துகொண்டு யுவஸ்ரீ ஓடி வருவது தெரிந்தது. ரயில் நின்று நின்று வந்ததாம். பதினொன்றாம் வகுப்பு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். கடைசிப் பெயருக்கு "உள்ளேன் அம்மா" என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். எண்ண வந்தவர் ஆண் என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்தே சொன்னாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

பணியிடம் நின்றது.

மறுநாள் காலை முதல் வேலையாக அவள் பெயரை விடுவித்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் நான். அன்று மதியமே லட்சுமி போன் செய்தார். அங்கே இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியைக்கு நானே போன் போட்டேன். எனக்கு முன்பின் பழக்கம் இல்லாதவர், ஆனால் ஒரே சாதி, ஹெச்.எம். சாதி. நான் குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை.

"மேடம், உங்களுக்குத் தெரியாததா? நேத்து வந்திருந்தா எனக்கு ஒரு தலை. இன்னிக்கு வந்தா எனக்கு ஒரு பெஞ்சு குறையுது. ஏற்கெனவே ஒரு பெஞ்சுக்கு அஞ்சு பேர் உக்காந்திருக்காங்க. நான் எங்க வெக்கிறது?"

இரண்டு வருடம் முன்னால் ஒரு தகப்பனிடம் ஏறக்குறைய இதே வார்த்தைகளை நான் சொல்லியிருந்தேன். ஒன்றாம் தேதிக்கு முன்னால் வருகிற பிள்ளைக்கு நாம் வாசலில் கோலம் போடுவோம், பின்னால் வருகிற பிள்ளைக்குக் கதவைப் பாதிதான் திறப்போம். அந்த அம்மா கெட்டவர் இல்லை. அவரிடமும் சட்டி காலி.

யுவஸ்ரீயை மறுபடி எங்கள் பள்ளியிலேயே சேர்த்துக்கொண்டேன். காலையில் ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, பஸ் பிடித்து வருவாள். தங்கை வருவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே, அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பாடவேளையோடு கிளம்பிவிடுவாள். போகட்டும் என்று நானே அனுமதி எழுதிக் கொடுத்தேன். அந்த வருடக் கால அட்டவணையில் உயிரியல் செய்முறை கடைசி இரண்டு பாடவேளை. வரிசையின் கடைசியில் நிற்க ஆள் இல்லை. அட்டவணையை மாற்றலாமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றி என்ன?

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவள் வரவில்லை. போன் போட்டேன், அந்த எண் உபயோகத்தில் இல்லை. ஒரு சனிக்கிழமை விலாசத்தை எழுதிக்கொண்டு ஊரப்பாக்கம் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "அந்தப் பொண்ணு வேலைக்குப் போவுது, நைட்டுதான் வரும், சின்னத நாங்க பாத்துக்கறோம்" என்றாள். ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

ஜெபாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. எப்படியோ பிள்ளைகள் மூலம் காதுக்குப் போய்விட்டது. ஒருநாள் என் அறைக்கு வந்து நின்றார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

"எனக்காகவா மேடம்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உனக்காக இல்ல ஜெபா. பிள்ளைங்களுக்காக."

"அவளும் பிள்ளைதானே மேடம்."

மே மாதம் இடமாறுதல் கலந்தாய்வில் நாகர்கோவில் பக்கம் ஓர் இடம் கிடைத்து ஜெபா போய்விட்டார். கணவரோடு, குழந்தையோடு இருக்கட்டும், அவர் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் போன இடத்துக்கு யாரும் வரவில்லை. காகிதத்தில் பணியிடம் இருந்தது. நான் காப்பாற்றிய பணியிடம், பத்திரமாக, ஆள் இல்லாமல் இருந்தது. அதுதான் எனக்குக் கடைசி வருடம். பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானேதான் போனேன். குரல் முன்போல இல்லை. பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்து சந்தேகம் கேட்கவில்லை.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. நீங்கள் எல்லாம் என்ன நினைக்கிறீர்களோ, எனக்கு அந்தப் பள்ளிக்கூடச் சத்தம் வேண்டியிருக்கிறது. காலை எட்டே முக்காலுக்குக் கால் தானாக வாசலுக்குப் போகிறது. மணி அடிக்கும் நேரம் எனக்குப் பசிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், பத்து வரை எண்ணுகிற அந்தச் சத்தமும், பத்து முடிந்த பிறகும் ஒரு பெண் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிற அந்த அமைதியும் வேண்டியிருக்கிறது.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குச் செடி வாங்கப் போனேன். பழைய மிக்ஸி ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி பேரம் பேசிக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. லட்சுமி. அவர் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவாம். என்னைப் பார்த்ததும் ஜாரைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்! இன்னா மிஸ் இப்டி எளைச்சிப் போய்ட்டீங்க?"

யுவஸ்ரீ எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்.

"நல்லா கீறா மிஸ். பல் டாக்டர் ஒருத்தர்கிட்ட சீட்டு எழுதிக் குடுக்கற வேலை. வெள்ளை கோட்டு ஒண்ணு குடுத்துகீறாங்க, அதை மாட்டிக்கினு போவா. சின்னதுக்கு அவதான் பாடமெல்லாம் சொல்லிக் குடுக்கறா. அடுத்த வருசம் ப்ரைவேட்டா பன்னெண்டாவது எழுதறேன்னு சொல்றா. வருசா வருசம் அதையேதான் சொல்றா."

"அம்மா, அன்னிக்கு நான் டி.சி.யை நிறுத்தி வெச்சது தப்பு" என்றேன். சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் உள்ளே கிடந்தது, சந்தை இரைச்சலில் வெளியே வந்துவிட்டது.

லட்சுமி சிரித்தார். "நீங்க இன்னா மிஸ் பண்ணுவீங்க? அவதான் போவல. அந்த ஸ்கூல்ல சொன்னாங்க, டி.சி. அப்பறம் வரட்டும், ஒண்ணாந்தேதி பொண்ணு இங்க வந்து உக்காந்தா சீட்டு நிக்கும், நான் பேசிக்கறேன்னு. அன்னிக்கிக் காலைல டிரெஸ் எல்லாம் போட்டு அங்கதான் இட்டுக்கினு போனேன். கேட்டு வரைக்கும் வந்துட்டு நின்னுட்டா மிஸ். 'அங்க எண்ணுவாங்கம்மா, நான் இல்லன்னா ஜெபா மிஸ் போய்டுவாங்க'ன்னா. நான் திட்டறேன், திட்டறேன், ஸ்டேஷனுக்கு ஓடிட்டா."

குடையில்லாமல் நனைந்துகொண்டு கேட்டில் ஓடி வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ரயில் நின்று நின்று வந்தது என்று சொன்னாள். நான் நம்பினேன்.

"அதுல அவளுக்கு இன்னிக்கும் ஒரு பெரும மிஸ்" என்றார் லட்சுமி. "நான் படிக்கலன்னா இன்னாமா, என்னால அந்த மிஸ் அங்கயே கீறாங்கல்ல, எத்தினி புள்ளைங்க படிக்கும்னு சொல்லுவா. அங்கதான கீறாங்க மிஸ், ஜெபா மிஸ்ஸு?"

உங்களுக்கு நான் முதலில் சொன்னேனே, கேட்டுச் சொல்ல யாரும் இல்லாத பத்து நிமிடம் என்று. இங்கே பத்து எண்ணுகிற நேரம்கூட இல்லை.

"அங்கதான் இருக்காங்கம்மா" என்றேன். "நல்லா நடத்துறாங்க."

லட்சுமிக்கு அவ்வளவு சந்தோஷம். போய் அவளிடம் சொல்கிறேன் என்றார். அடுத்த தடவை அவளையும் கூட்டிவாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இனி உங்களுக்கு. ஜூலைக் கடைசியில் யாராவது ஒரு தாய் உங்கள் மேசை முன் வந்து நிற்பார், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். எண்ணிக்கை விளிம்பில் இருக்கும். உங்கள் பயமும் நியாயமாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பணியிடம் போனால் எழுதுங்கள், அலுவலக வாசலில் போய் நில்லுங்கள், பெற்றோரைக் கூட்டிக் கேளுங்கள், உங்கள் பெயர் கெட்டாலும் பரவாயில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற புண்ணியம் மட்டும் வேண்டாம். நான் உடைத்தது ஒரு பெண்ணின் தேங்காய்.

நான் வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் சந்தைக்குப் போகிறேன். மாடியில் இனி ஒரு செடி வைக்கவும் இடமில்லை, ஆனாலும் போகிறேன். லட்சுமியை இரண்டு தடவை பார்த்தேன், தனியாகத்தான் வந்திருந்தார். மகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு கிடையாதாம். ஒருநாள் கிடைக்கும். அவளைப் பார்க்க வேண்டும், அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும். அவள் முதலில் கேட்கப்போவது ஜெபா மிஸ்ஸைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். அவளிடம் என்ன சொல்வது என்றுதான் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.